விண்ணப்பதாரர் எழுதிக்கொள்வது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. நான், என் மனைவி, மகள் மூவரும் இங்கே நலம். நீயும் அத்தானும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி குறைந்ததா, அத்தானுக்குச் சர்க்கரை ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொள். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்போல் அதிக நேரம் உட்கார்ந்து எழுத முடிவதில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். போன வாரத்தில் மட்டும் நீ பதினோரு தடவை அழைத்திருக்கிறாய். பதினோரு தடவையும் நான் குளித்துக்கொண்டிருந்ததாக உன்னிடம் சொல்லப்பட்டது. ஒரு மனிதன் அவ்வளவு குளிக்க மாட்டான் என்பது உனக்கும் தெரியும், தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற எனக்கும் தெரியும். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறிவியல், கணிதச் சிறப்புப் பள்ளியில் என் மகளுக்கு, அதாவது நம் வாத்தியாரம்மாவுக்கு, இடம் கிடைத்துவிட்டது. நாங்கள் அனுப்பப் போவதில்லை. 'சேர்கிறோம்' என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம் இந்த வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அங்கேயே இருக்கும்.

இப்போது நீ கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தானைக் கூப்பிட்டு, "பாருங்க, இவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருப்பாய். சொல்லி முடித்ததும் மறுபடி எடுத்துப் படி. நடந்தது பூராவும் தெரிந்தால் நீயே என் பக்கம் பேசுவாய்.

இத்தனைக்கும் மூலகாரணம் நீதான், அக்கா. நான் பாட்டுக்கு ஆபீசுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். என் மனைவி மருந்துக்கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். மகள் பக்கத்துத் தெருப் பள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாத்தியாரம்மா என்று பட்டப்பெயர் வைத்தவளே நீ. நாலு வயதில் உன் வீட்டுக்கு வந்தவள், சுவரிலிருந்த காலண்டரில் தேதி கிழிக்கவில்லை என்று உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாளே, அன்றைக்கு வைத்தது. பத்து வருடமாக அவள் யாரையும் திருத்தாமல் விட்டதில்லை. பள்ளியில் கணக்கு ஆசிரியரே கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பாராம், சரியா என்று. இப்படி எல்லாரும் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருக்கும்போது, நீ செய்தித்தாளில் வந்த ஓர் அறிவிப்பை வெட்டி, 'அவசரம்' என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினாய். வருடத்துக்கு அறுபது பிள்ளைகளைத்தான் எடுப்பார்களாம், எழுதுகிறவர்கள் பல ஆயிரமாம், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அவள் அந்தத் துண்டுக் காகிதத்தைப் படித்துவிட்டுத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அது அவள் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. அவள் சுவரில் அதற்கு முன்னால் எதையும் ஒட்டியதில்லை.

விண்ணப்பப் படிவம் பதினான்கு பக்கம். "நானே நிரப்பட்டுமாப்பா?" என்று அவள் கேட்டாள். அக்கா, நான் இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் இணைப்பு அலுவலகத்தில் முதல் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். கண்ணாடியில் ஓட்டை போட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டி, தினமும் நூறு விண்ணப்பங்களைப் பார்க்கிறவன். என் வீட்டில் ஒரு விண்ணப்பத்தைச் சின்னப் பெண் நிரப்பினால் எனக்கு என்ன மரியாதை? "நீ படி. ஃபாரத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, கறுப்பு மைப் பேனாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தேன். ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. முத்து முத்தாக எழுதினேன்.

இங்கேதான் உனக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பதாரர் என்றால், விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடுகிற ஆள். தண்ணீர் யார் வீட்டில் கொட்டுகிறதோ அவர் பயனாளி. விண்ணப்பதாரர் வேறு, பயனாளி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிற பத்துப் பேரையாவது நான் தினமும் திருப்பி அனுப்புகிறேன். போன மாதம்கூட ஒரு பெரியவர், "தண்ணி குடிக்கப்போறது நான்தானே சார், அப்ப விண்ணப்பதாரரும் நான்தானே?" என்றார். "குடிக்கிறவர் பயனாளிங்க. கையெழுத்து போட்டது உங்க மகன். அவரை வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

ஆக, பள்ளிப் படிவத்தில் 'விண்ணப்பதாரர் பெயர்' என்று கேட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறந்த தேதி, என் பிறந்த தேதி. புகைப்படம் ஒட்டுமிடத்தில் ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த என் படம். 'விண்ணப்பதாரருக்கு உடல் உபாதைகள் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். இடது முழங்கால் வலி, வாயுத் தொல்லை என்று எழுதினேன். பெற்றோரின் உடம்பைப் பற்றிக்கூட அக்கறைப்படும் பள்ளி என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன். 'விடுதியில் விண்ணப்பதாரருக்கு மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?' என்று ஒரு கேள்வி. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற அன்று நமக்கும் படுக்க இடம் தருகிறார்கள் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோய், 'முழங்கால் காரணமாகக் கீழ்க் கட்டில்' என்று எழுதினேன். அடுத்தது 'விண்ணப்பதாரரின் பெற்றோர் விவரம்'. அங்கே ஒரு நிமிடம் பேனா நின்றது, பொய் சொல்ல மாட்டேன். நம் அப்பா அம்மாவைப் பற்றி இவர்களுக்கு என்ன வந்தது என்று தோன்றியது. ஆனால் எந்த விண்ணப்பத்தில்தான் வேண்டாததைக் கேட்காமல் இருக்கிறார்கள்? நாங்களே கேட்கிறோம். அதனால் இருவர் பெயரையும் எழுதி, 'காலமானார்', 'காலமானார்' என்று போட்டு, பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் 'மேற்படியார்கள் உயிருடன் இல்லாததால் நானே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'பயனாளி' என்று எங்கேயும் ஒரு கட்டம் இல்லை. படிவம் அச்சடித்தவர்களின் குறை என்று நினைத்து, மகளுடைய மதிப்பெண் பட்டியலின் தலையில் நானே 'பயனாளி விவரம்' என்று எழுதி, பின்னால் குத்தி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஹால் டிக்கெட் வந்தது. என் மனைவிதான் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே செருப்பு வைக்கிற பலகையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, சத்தமே இல்லாமல் சிரித்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். தேர்வெழுதும் மாணவர் என்று என் பெயர். பக்கத்தில் மீசையோடு என் படம். வயது பதினான்கு. "என்னங்க, ஹாஸ்டலுக்கு எத்தனை சட்டை எடுத்து வைக்கட்டும்?" என்றாள். நான் சிரிக்கவில்லை. வாத்தியாரம்மாவும் சிரிக்கவில்லை. அதை வாங்கி முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "பரீட்சைக்குப் பத்து நாள்தான்ப்பா இருக்கு. படிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மாதக்கணக்காக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு படித்த பிள்ளை அக்கா. நான் செய்த காரியத்துக்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து பள்ளிக்குப் போன் செய்தேன். யாரோ ஓர் அம்மாள் எடுத்தார். விண்ணப்ப எண்ணைச் சொல்லி, "விண்ணப்பதாரர் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் குரல் உடனே குழைந்துவிட்டது.

"அடடா, நீதானா தம்பி? உன் ஃபாரத்தைப் பார்த்து எங்க ஆபீஸே கலங்கிப்போச்சுப்பா. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லையாமே. எவ்வளவு அழகா எழுதியிருந்தே! வயசை மட்டும் நாப்பத்தொன்பதுன்னு தப்பா போட்டிருந்தே. பதட்டத்துல எழுதியிருப்பே, பாவம். நாங்களே பதினாலுன்னு திருத்திட்டோம்."

"அம்மா, அது தப்பில்லைங்க. எனக்கு நாப்பத்தொன்பதுதான்."

"போட்டோவுல பார்த்தேன்ப்பா. சின்ன வயசுலேயே குடும்ப பாரம், முகத்துல தெரியுது. தொண்டையும் கட்டியிருக்கு போல. வெந்நீர் குடி."

"அம்மா, பரீட்சை எழுதப்போறது நான் இல்லைங்க, என் பொண்ணு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு பேசியது வேறு குரல், ஆனால் அதே அம்மாள்தான். பெயர் மாற்ற வேண்டுமானால் விண்ணப்பதாரர் எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்றார். கேட்கிறேன் என்றேன். விண்ணப்பதாரர் சிறு வயதினர் என்பதால் அவருடைய பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பெற்றோர் காலமாகிவிட்டார்கள் என்றேன். "அப்ப ஒண்ணும் செய்ய முடியாது சார்" என்றார். அந்த அம்மாள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புதிதில்லை. 'அப்ப ஒண்ணும் செய்ய முடியாது' என்று வாக்கியம் முடிகிற இடத்தில் பேனாவை மூடி வைப்பதுகூட எனக்கு இங்கிருந்தே கேட்டது. கடைசியில், தேர்வு அன்று இருவரும் நேரில் வாருங்கள், தலைமை மேற்பார்வையாளர் பார்த்து முடிவு செய்வார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

தேர்வு நாளன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். ஹால் டிக்கெட் இருப்பவர்கள் மட்டும்தான் தேர்வு நடக்கிற கூடத்துக்குள் போகலாமாம், மற்றவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டுமாம். ஆக, நான் உள்ளே, பிள்ளை வெளியே. தலைமை மேற்பார்வையாளர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார், வந்துவிடுவார், அதுவரை விண்ணப்பதாரர் தன் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வராதவர் என்று குறித்துவிடுவார்கள் என்று அங்கிருந்த ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் இருக்கை. எழுதும் பலகை நாற்காலியோடு சேர்ந்தது, பதினான்கு வயது இடுப்புக்கு அளவெடுத்துச் செய்தது. உட்கார்ந்ததும் நானும் அதுவும் ஒன்றாகிவிட்டோம். பக்கத்து இருக்கையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், "சார், வெத்துப் பேப்பர் எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டாள். "நானும் எழுத வந்தவன்தாம்மா" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, விடையை மறைப்பதற்குக் கையை இப்போதே வளைத்து வைத்துக்கொண்டாள்.

மணி அடித்துவிட்டது. தலைமை மேற்பார்வையாளர் வரவில்லை. வினாத்தாள் என் பலகையில் வந்து விழுந்தது. கை தன்பாட்டில் அதன் மேல்மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, சுருக்கொப்பமும் போட்டுவிட்டது. பழக்கதோஷம். முதல் கேள்வி, ஒரு தொட்டியில் இரண்டு குழாய்கள். ஒன்று நாலு மணி நேரத்திலும் மற்றொன்று ஆறு மணி நேரத்திலும் நிரப்பும். இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரத்தில் நிரம்பும் என்று கேட்டிருந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது தண்ணீர் வருகிற நாளைப் பொறுத்தது. நான் எதுவும் எழுதவில்லை. கதவின் மேல்பாதியில் கண்ணாடி. அதற்குப் பின்னால் வாத்தியாரம்மா பென்சில் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எழுந்து, "ஐயா, ஒரு சின்ன விஷயம்" என்று பணிவாக எடுத்துச் சொன்னேன். தலைமை மேற்பார்வையாளரும் வந்தார், பின்னால் குத்தியிருந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், நல்ல மனிதர், புரிந்துகொண்டார். ஒரு கால் மணி நேரத்துக்குள் எல்லாம் சுமுகமாக முடிந்து, அவள் உள்ளே போனாள், நான் வெளியே வந்தேன்.

தேர்வு முடிந்து வந்தவள், "நாலு கணக்கு விட்டுட்டேன்ப்பா. நேரம் பத்தலை" என்றாள். அவ்வளவுதான். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை வரவில்லை. ஊரில் யார் தப்புச் செய்தாலும் விடாமல் திருத்துகிறவள், என்னை மட்டும் திருத்தாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். ஐந்து மணி நேரமும் நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது விரல்கள் நிமிரவில்லை.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. அறுபதில் ஐம்பத்தெட்டாவது இடம். அவள் பெயரில்தான் வந்தது, நான் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நாலு கணக்கை விட்டும் வந்திருக்கிறது. என் மனைவி அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிட்டாள். விடுதிக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளிலும் பெயர் ஒட்டியிருக்க வேண்டுமாம். மருந்துக்கடையில் மாத்திரை உறையில் ஒட்டுகிற சீட்டு ஒரு கட்டு கொண்டுவந்து, துண்டு, சீப்பு, வாளி எல்லாவற்றிலும் ஒட்டினாள். இப்போது வீட்டில் எதை எடுத்தாலும் 'காலை, மதியம், இரவு, உணவுக்குப் பின்' என்று இருக்கிறது. அலமாரி மேலிருந்து சூட்கேஸை இறக்கித் தூசி தட்டும் வேலையை என்னிடம் கொடுத்தாள்.

அன்றிலிருந்துதான் அக்கா, நான் யோசிக்க ஆரம்பித்தேன். ஐந்து மணி நேரப் பஸ். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போய்ப் பார்க்கலாம், அதுவும் நாலு மணி வரை. அந்த மாதிரி நாற்காலி போடுகிற பள்ளியில் கட்டில் மட்டும் எப்படி இருக்கும்? பிள்ளையும் முன்போல் இல்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். போன சனிக்கிழமை அவளே என்னிடம் வந்து, "நான் போகலப்பா" என்று தன் வாயால் சொல்லிவிட்டாள். நான் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகளின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். என் மனைவியிடம் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். பக்கத்துத் தெருப் பள்ளிக்கு என்ன குறை? அங்கேயும் கணக்கு இருக்கிறது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அலுத்துவிட்டது அக்கா. படிவம், ஹால் டிக்கெட், பஸ், நாற்காலி எல்லாம் அலுத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். வந்ததும், "அப்பா, சாவியை ஆணியில மாட்டுங்க", "அப்பா, மணி அஞ்சு நாப்பது இல்ல, அஞ்சு நாப்பத்திரண்டு" என்று ஒரு குரல் கேட்கிறது. நாள் முழுக்க நான் நூறு பேரைத் திருத்துகிறேன், என்னைத் திருத்த அந்த ஒரு ஆள்தான். அது இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் எதற்காக வருவது என்று யோசித்துப் பார்த்தேன். ஆகையால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவோம். நீ போன் செய்து பிள்ளையைக் கிளற வேண்டாம். ரொம்ப மனம் உடைந்து போயிருக்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரனுக்கு என் ஆசிகள், அவன் பெரியவனானதும் எந்தப் படிவத்தையும் தானே நிரப்பிக்கொள்ளட்டும். உனக்கு ஆசி கூற எனக்கு வயதில்லை, உன்னிடம் வாங்கிக்கொள்ளத்தான் வயது. திட்டி முடித்த பிறகு மீதி நேரம் இருந்தால் மனதுக்குள் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடு, இங்கே வந்து சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அத்தை, இதை எழுதுவது அப்பா இல்லை, நான். கவரை ஒட்டச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாங்க. ஒட்டுவதற்கு முன்னால் படித்தது தப்புதான். ஆனால் இவ்வளவு பிழையோடு ஒரு கடிதத்தை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஐந்து மணி நேரம் இல்லை, மூன்று மணி பத்து நிமிடம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். மாடிக்குத் துணி காயப்போடப் போவது நான் இல்லை, அப்பா. துணி காய்ந்த பிறகும் அங்கேயே நிற்கிறார். "நான் போகல" என்று நான் சொன்னது மட்டும் உண்மை. அன்றைக்கு அப்பா சூட்கேஸைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, அதில் எதையும் வைக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியாமல் சொல்லிவிட்டேன். கொஞ்சமாவது யோசித்துப் பதில் சொல்வார் என்று நினைத்தேன். உடனே "சரிம்மா" என்று சொல்லிவிட்டார்.

ஒப்புதல் படிவத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமையே கூரியரில் அனுப்பியாயிற்று. கிடைத்துவிட்டது என்று பள்ளியிலிருந்து பதிலும் வந்துவிட்டது. இழுப்பறையில் இருப்பது நகல். அப்பாவிடம் நாளைக்குச் சொல்லப் போகிறோம். யார் சொல்வது என்று எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் முடிவாகவில்லை.

தேர்வு நாளைப் பற்றி எழுதியிருப்பதும் தப்பு. கால் மணி நேரம் இல்லை, முப்பத்தெட்டு நிமிடம். அப்பா பணிவாகவும் சொல்லவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் கையைத் தூக்கினார், உட்காரச் சொன்னார்கள். மறுபடி தூக்கினார், விதி இருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை அவர் எழுந்தபோது நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அப்படியே அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவு வரை வந்து, "எல்லா விதியும் எனக்கும் தெரியும்யா! நானும் இருபத்திரண்டு வருஷமா அதைச் சொல்லித்தான் ஆளுங்களைத் திருப்பி அனுப்பறேன்! எம் பொண்ணு உள்ள வரணும்! இப்பவே வரணும்!" என்று கத்தினார். வராந்தா முழுக்கக் கேட்டது. அப்பா கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. வீட்டிலும் இல்லை, ஆபீசிலும் இல்லை. உள்ளே போன பிறகு எனக்கு ஐந்து நிமிடம் கை நடுங்கியது. அந்த நாலு கணக்கும் நேரமில்லாமல் விட்டது இல்லை, அதனால் விட்டது. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்களுக்குப் பஸ். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிடுங்கள், அத்தை. என்னைக் கொண்டுபோய் விட அம்மா வர்றாங்க, அது பிரச்சினை இல்லை. பஸ் கிளம்பிய பிறகு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.